ஒரே நிலை, வேறு பெற்றோர்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

     

ஒரு கரும்பலகையும் நான்கு பாய்களுமாகத் தொடங்கிய மாலைநேரப் படிப்பகம் இன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து நிற்கின்றது. வாழ்த்துரை கூறி அமர்தல் எளிது. ஆயினும் கழகத்தார் நம்மிடம் வாழ்த்துரையைக் கேட்கவில்லை. "பிள்ளைகளுக்குப் பயன்படும் பாடம் ஒன்றை நடத்துங்கள்" என்றே கேட்டனர். ஆசிரியனுக்கு இதனினும் சிறந்த மரியாதை வேறில்லை. ஆதலின் இன்று நாம் சொற்பொழிவாற்றப் போவதில்லை; பாடம் நடத்தப் போகின்றோம்.

பாடத்தின் பொருள் கணிப்பொறி இயலைச் சார்ந்தது. நாம் பட்டப் படிப்பில் பயின்றதோ வரலாறு. அவ்வாறிருக்க இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதை முதலில் கூறிவிடுதல் கடமையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இப்படிப்பகத்தில் அமர்ந்து படித்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் தேறி, கல்லூரியில் கணிப்பொறி இயல் பயின்ற மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். அவர் பெயரும் அந்நிறுவனத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. அவரிடம் கேட்கப்பட்ட வினா இது: "இருகிளை மரம் ஒன்றில் இரு கணுக்கள் தரப்படுகின்றன. அவ்விரண்டும் கசின்களா எனக் கண்டறியும் வழியை எழுதுக." அவர் எழுதினார்: "இரண்டும் எந்த நிலையில் உள்ளன எனக் காண்க, நிலை ஒன்றாயின் கசின்களே." தேர்வாளர், "அவ்வாறாயின் உடன்பிறந்தோரும் கசின்கள்தாமோ?" என்றார். நம் மாணவர் தயங்காமல், "சித்தப்பா மகனும் தம்பிதானே?" என்று விடையிறுத்தார். அறையில் சிரிப்பொலி எழுந்தது. வேலை கிட்டவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் நம்மிடம் வந்து, "ஐயா, எனக்கு அவ்வளவு அறிவு போதாது போலும்" என்றார். அவருக்கு விடை கூற அன்று நம்மால் இயலவில்லை. வினாவே நமக்கு விளங்கவில்லை என்பதுதான் உண்மை. அதன் பின்னர் நம் பள்ளியின் கணித ஆசிரியரிடம் மாணவனாக அமர்ந்து அதனைக் கற்றோம். கற்ற பின்னரே, அம்மாணவரின் பிழை அறிவின் குறையால் நேர்ந்ததன்று என்பது புலனாயிற்று. அன்று அவருக்குச் சொல்லத் தவறிய விடையையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

மரம் என்பது யாது?

கணிப்பொறியில் செய்திகளைச் சேர்த்து வைக்கும் முறைகள் பல. ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டியலிடுவது ஒரு முறை. ஒன்றிலிருந்து கிளைகள் பிரியுமாறு அமைப்பது மற்றொரு முறை. இவ்வாறு கிளைத்துச் செல்லும் அமைப்பையே மரம் என்கின்றனர். நம் ஊர்ப் புளியமரத்துக்கு வேர் கீழே; இம்மரத்துக்கோ வேர் மேலே. தலைகீழாக வரைவதே இத்துறையின் வழக்கம். டொனால்ட் குனுத் என்னும் அமெரிக்க அறிஞர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலின் முதல் தொகுதியிலேயே இம்மரங்களைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி இடம் பெற்றுள்ளது.

மரத்தில் செய்தி தங்கும் ஒவ்வோர் இடமும் ஒரு கணு. உச்சியில் இருப்பது வேர்க் கணு. ஒரு கணுவிலிருந்து பிரிவன அதன் சேய்க் கணுக்கள். எதிலிருந்து பிரிந்தனவோ அது அவற்றின் பெற்றோர்க் கணு. வேருக்குப் பெற்றோர் இல்லை. ஏனைய ஒவ்வொன்றுக்கும் பெற்றோர்க் கணு ஒன்றே ஒன்றுதான். எந்தக் கணுவுக்கும் இரண்டுக்கு மேற்பட்ட சேய்கள் இல்லையாயின் அது இருகிளை மரம். இதனையே பைனரி ட்ரீ என்பர். இடச்சேய், வலச்சேய் என இரண்டுக்கும் இடம் வரையறுக்கப்பட்டிருக்கும். இரண்டும் இருக்கலாம்; ஒன்றே இருக்கலாம்; ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

வேரிலிருந்து எத்தனை படி இறங்கினோமோ, அத்தொகையே நிலை எனப்படும். வேரின் நிலை 0. அதன் சேய்கள் நிலை 1. அவற்றின் சேய்கள் நிலை 2. இங்கே ஒன்றைக் கூறுதல் வேண்டும். மேல்நிலை, கீழ்நிலை என்னும் சொற்களைக் கேட்டமாத்திரத்தில் உள்ளம் சுருங்கும் அனுபவம் நம்மவர்க்கு உண்டு. இம்மரத்தில் நிலை என்பது வேரிலிருந்துள்ள தொலைவையே குறிக்கும். உயர்வு தாழ்வுக்கு இங்கு இடமேயில்லை. நீங்கள் இச்சொல்லைக் கேட்டு அஞ்சவும் வேண்டா; கூசவும் வேண்டா.

இனி ஒரு மரத்தை மனத்தில் வரைந்துகொள்வோம். கையில் தாள் இருப்போர் தாளிலேயே வரையலாம். வேர் 'அ'. அதன் சேய்கள் ஆ, இ. ஆவின் சேய்கள் ஈ, உ. இயின் சேய்கள் ஊ, எ. ஈயின் சேய்கள் ஏ, ஐ. உவுக்கு வலச்சேய் மட்டும் உண்டு, அது ஒ. ஊவுக்குச் சேயில்லை. எவுக்கு இடச்சேய் மட்டும் உண்டு, அது ஓ. ஆகக் கணுக்கள் பதினொன்று. நிலைகள் 0 முதல் 3 வரை நான்கு.

எங்கே பிழை நேர்ந்தது?

கசின் என்பதன் இலக்கணம் இரண்டு உறுப்புகளை உடையது. இரு கணுக்களும் ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். இரண்டின் பெற்றோர்க் கணுக்களும் வெவ்வேறாதல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் உறவு மாறிவிடும். நிலை ஒன்று, பெற்றோரும் ஒன்று எனின் அவை உடன்பிறப்புகள். நம் மரத்தில் ஏயும் ஐயும் அவ்வாறானவை. பெற்றோர் வேறு, நிலையும் வேறு எனின் அவை கசின்கள் ஆகா. ஊவும் ஒவும் அத்தகையன. ஊ நிலை 2இல் உள்ளது; ஒ நிலை 3இல் உள்ளது. ஏயும் ஒவும் கசின்கள். ஐயும் ஓவும் கசின்கள்.

நம் மாணவர் இலக்கணத்தின் முதற்பாதியைக் கூறினார், பிற்பாதியை விட்டுவிட்டார். ஏன் விட்டார்? நாம் பேசும் மொழியில் அந்தப் பிற்பாதிக்கு இடமில்லை என்பதே காரணம். ஆங்கிலத்தில் பெரியப்பா மகன், சித்தப்பா மகன், அத்தை மகன், மாமன் மகன் அனைவருக்கும் ஒரே சொல்தான், அது கசின். தமிழில் அவ்வாறன்று. பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் நமக்கு அண்ணன் தம்பி, அக்காள் தங்கையரே. பெரியம்மாள் பிள்ளைகளும் சின்னம்மாள் பிள்ளைகளும் அவ்வாறே. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் மட்டுமே முறைப் பிள்ளைகளாய்த் தனித்து நிற்பர். ஆங்கிலேயர் ஒரே பெட்டியில் இட்டவர்களை நாம் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை உடன்பிறந்தாரோடு சேர்த்துவிட்டோம்.

இது குறையன்று, தனக்கென ஒழுங்குடைய முறை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1871ஆம் ஆண்டில் உலக மக்களின் உறவுமுறைச் சொற்களை ஒப்பிட்டு வெளியிட்ட நூலில், தமிழரின் முறையையும் வட அமெரிக்கப் பழங்குடியினரான செனகா மக்களின் முறையையும் அருகருகே வைத்து அவற்றின் ஒற்றுமையைக் கண்டு வியந்தார். ஆதலின் சித்தப்பா மகனைத் தம்பி என்றது அறியாமையன்று. வினா வேறொரு மொழியின் உறவுமுறையில் கேட்கப்பட்டது. விடை நம் வீட்டு உறவுமுறையில் தரப்பட்டது. சிரித்தவர்களுக்கும் இது தெரியவில்லை. சிரிப்பைக் கேட்டுத் தலைகுனிந்தவருக்கும் தெரியவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. துறைச்சொல் ஒன்றைக் கேட்டவுடன் வீட்டுச் சொல்லால் பொருள் கொள்ளாதீர். "இச்சொல்லுக்கு இங்கே வரையறை யாது?" என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது இழிவன்று, அறிவுடையோர் செயல்.

மைதானத்தில் ஒரு மரம்

நம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டால் இம்மரத்தை வரைந்து, பதினொரு மாணவர்களைக் கணுக்களாக நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு மாணவனும் தன் சேய்களிடம் செல்லும் கயிறுகளை மட்டும் கையில் பற்றியிருப்பான். தன் சேய்கள் எவர் என்பது அவனுக்குத் தெரியும். தன் பெற்றோர் எவர் என்பதோ, தன் பக்கத்தில் நிற்பவர் எவர் என்பதோ தெரியாது. பக்கவாட்டில் பார்க்கவும் கூடாது. கணிப்பொறியில் பெரும்பாலும் மரம் இவ்வாறே பதியப்படுகின்றது. கணுவில் கீழ்நோக்கிய தொடர்புகளே இருக்கும். பக்கத் தொடர்பு இராது.

ஐ என்னும் இடத்தில் நின்ற சிறுவனிடம், "உன் கசின்கள் எவர்?" என்றோம். அவன் விழித்தான். விழித்தது சரியே! அவன் நின்ற இடத்திலிருந்து அதனை அறிய வழியே இல்லை. நான்கு முழத் தொலைவில் ஒ நிற்கின்றான்; ஆயினும் இருவருக்குமிடையே கயிறு இல்லை. வேரிலிருந்து இறங்கி வருபவன் ஒருவனால் மட்டுமே, "நீங்கள் இருவரும் ஒரே நிலையினர், உங்களைப் பெற்றவர் வேறு" என்று கூற இயலும்.

கசின் கணுக்களைக் காண்பதற்குரிய வழிகள் யாவும் இவ்வுண்மையின் மேல் எழுந்தனவே. பக்கவாட்டு உறவைப் பக்கவாட்டில் தேடிக் காண இயலாது. வேரிலிருந்து இறங்கி வரல் வேண்டும். வரும்போது நிலையையும் பெற்றோரையும் குறித்துக்கொண்டே வரல் வேண்டும்.

வரிசை என்னும் வழி

முதல் வழி வரிசையைக் கொண்டது. ரேஷன் கடை வரிசை நீங்கள் அறியாததன்று. முதலில் வந்தவர் முதலில் செல்வார். பின் வந்தவர் பின்னால் நிற்பார். கணிப்பொறியிலும் வரிசைக்கு அதுவே சட்டம். இடையில் புகுதல் இல்லை.

முதலில் வேராகிய அவை வரிசையில் நிறுத்துவோம். வரிசையில் ஒருவர் உள்ளார். அவரை வெளியே எடுத்து, அவருடைய சேய்களாகிய ஆ, இ இருவரையும் வரிசையின் பின்னே சேர்ப்போம். இப்போது வரிசையில் இருவர். இவர்களே நிலை 1. இவ்விருவரையும் எடுத்து இவர்களுடைய சேய்களைச் சேர்த்தால் ஈ, உ, ஊ, எ என நால்வர். இவர்கள் நிலை 2. இந்நால்வரையும் ஒவ்வொருவராய் எடுக்கும்போது ஏ, ஐ, ஒ, ஓ ஆகியோர் சேர்வர். இவர்கள் நிலை 3. ஒவ்வொரு நிலையும் தொடங்குமுன் வரிசையில் எத்தனை பேர் என எண்ணிக்கொண்டு, அத்தனை பேரை மட்டும் வெளியே எடுத்தால் நிலைகள் ஒன்றோடொன்று கலவா. சூட்சுமம் இவ்வெண்ணிக்கையில்தான் உள்ளது. இதனை மறந்தால் ஈயும் ஏயும் ஒரே நிலையினர் போலத் தோன்றும்.

இனி ஐயின் கசின்களைக் காண்போம். நிலை 2இல் உள்ள நால்வரையும் வெளியே எடுக்கும்போது, ஒவ்வொருவரிடமும் "உன் சேய்களில் ஐ உண்டா?" எனக் கேட்போம். ஈ, "உண்டு" என்பான். ஈயின் சேய்களை மட்டும் விலக்கிவிட்டு, மற்றையோரின் சேய்களைத் தொகுப்போம். கிடைப்பவர் ஒ, ஓ. ஐயின் கசின்கள் இவ்விருவரே.

இரு கணுக்கள் தரப்பட்டு, கசின்களா எனக் கேட்டால், இதே நடையில் இரண்டின் நிலையையும் பெற்றோரையும் குறித்துக்கொள்வோம். நிலைகள் ஒத்து, பெற்றோர் வேறுபட்டால், ஆம், இல்லையேல், இல்லை. நம் மாணவர் எழுதிய விடையில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தால் போதும். அந்த ஒரு வரியில் ஒரு வேலை அடங்கியிருந்தது.

இவ்வழியில் ஒவ்வொரு கணுவும் வரிசையில் ஒருமுறை நுழைகின்றது, ஒருமுறை வெளியேறுகின்றது. ஆயிரம் கணுக்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை உழைப்பு. மாறாக, ஒரு நிலையிலுள்ள ஒவ்வொருவரையும் மற்றொருவரோடு இணைத்து ஒப்பிடத் தொடங்கினால், நிறைந்த மரத்தின் 10ஆம் நிலையிலுள்ள 1,024 கணுக்களுக்கு மட்டும் 5,23,776 இணைகளைப் பார்க்க நேரும். முறையறிந்து செய்வதற்கும் முட்டி மோதிச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

நிலைநிலையாக இறங்கும் இவ்வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே என்பார் 1945இலேயே இதனை எழுதி வைத்தார். அவ்வெழுத்து அச்சேறியதோ 1972இல்தான். அதற்குள் எட்வர்ட் மூர் என்னும் அமெரிக்கர், சிக்கலான பாதைகளில் மிகக் குறுகிய வழியைக் காணும் பொருட்டு இதனைத் தாமே கண்டு 1959இல் வெளியிட்டார். மின்சுற்றுப் பலகைகளில் கம்பிப் பாதை அமைக்க 1961இல் லீ என்பாரும் இதனைக் கண்டார். ஒருவர் கண்டதை அறியாமலே மற்றவரும் கண்டனர். முறையாகச் சிந்திப்போர் எங்கிருப்பினும் உண்மை அவர்களுக்குப் புலப்படும் என்பதற்கு இதுவே சான்று.

நிலைநிலையாக இறங்காமல், ஒரு கிளையின் அடிவரை சென்று திரும்பி, அடுத்த கிளையில் இறங்கும் வழியும் உண்டு. அவ்வழியில் செல்வோர் ஒவ்வொரு படியிலும் நிலை எண்ணைக் கையோடு கொண்டு செல்லல் வேண்டும். இரண்டு வழிகளும் ஒரே விடையையே தரும்.

எண்ணால் அறியும் வழி

இனிச் சொல்லப்போவது நமக்கு மிகவும் பிடித்த பகுதி; வரலாறு படித்தவனுக்கு இங்கே ஒரு தின்பண்டம் கிடைத்தது!

கொலோன் நகரில் 1590ஆம் ஆண்டு மிகாயேல் ஐட்சிங்கர் என்பார் அரச குடும்பங்களின் முன்னோர் பட்டியலை வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட எண்முறை எளியது. தலைவனுக்கு எண் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண். இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். ஆகவே தந்தை 2, தாய் 3. தந்தையைப் பெற்ற தாத்தா 4, பாட்டி 5. தாயைப் பெற்ற தாத்தா 6, பாட்டி 7.

இப்பட்டியலை மரமாக வரைந்தால், நாம் வேர்; நம்மைப் பெற்றோர் நம்முடைய கிளைகள்! வாழ்க்கையில் முன்னே பிறந்தவர் மரத்தில் பின்னே வருகின்றனர். இம்மரத்தில் 4உம் 5உம் உடன்பிறப்புக் கணுக்கள். வாழ்க்கையிலோ கணவனும் மனைவியும். 4உம் 6உம் கசின் கணுக்கள். வாழ்க்கையில் அவர்கள் யார்? ஒருவர் மாப்பிள்ளையின் தந்தை. மற்றவர் மணமகளின் தந்தை. சம்பந்திகள்! கணிப்பொறியின் கசின் என்பது வீட்டு உறவன்று, இடத்தைக் குறிக்கும் குறியீடே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1964ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் என்னும் அறிஞர் எண்களை வரிசைப்படுத்தும் புதுமுறை ஒன்றை வெளியிட்டபோது, மரத்தைக் கணிப்பொறியில் பதிக்க இதே எண் விதி பயன்பட்டது. இடச்சேய்க்கு இருமடங்கு, வலச்சேய்க்கு இருமடங்கும் ஒன்றும். ஆகவே எந்த எண்ணையும் இரண்டால் வகுத்து மீதியை நீக்கினால் பெற்றோரின் எண் கிடைத்துவிடும். நிலையை அறிவதும் எளிது. 1 நிலை 0. 2, 3 நிலை 1. 4 முதல் 7 வரை நிலை 2. 8 முதல் 15 வரை நிலை 3.

நம் மரத்துக்கு எண்ணிடுவோம். ஏ 8, ஐ 9, ஒ 11, ஓ 14. உவின் இடச்சேய் இல்லாமையால் 10 காலியிடம். ஏயும் ஐயும்: 8இன் பாதி 4, 9இன் பாதி, மீதி நீக்க, 4. ஒரே முறை பாதியாக்கியதும் ஒன்றாயின, உடன்பிறப்புகள். ஏயும் ஒவும்: 8, 11, பாதி 4, 5, மீண்டும் பாதி 2, 2. இருமுறையில் ஒன்றாயின, பாட்டனார் ஒருவர், நெருங்கிய கசின்கள். ஏயும் ஓவும்: 8, 14, பிறகு 4, 7, பிறகு 2, 3, பிறகு 1, 1. மூன்று முறையில் ஒன்றாயின; ஒரு தலைமுறை விலகிய கசின்கள். எத்தனை முறை பாதியாக்கினோம் என்பதே உறவின் தூரத்தைக் காட்டிவிடுகின்றது. இரு எண்களும் ஒரே நிலையைச் சேர்ந்தனவா என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்ணியும் உண்டு. உ 5, ஊ 6. அடுத்தடுத்த எண்கள், தோளோடு தோள் உரசி நிற்பவை. ஆயினும் 5இன் பாதி 2. 6இன் பாதி 3. ஆகவே இவை உடன்பிறப்புகள் அல்ல, கசின்களே. அருகில் நிற்பவரெல்லாம் உடன்பிறந்தவர் என்று எண்ணி ஏமாறாதீர்.

எண் வழிக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு கணுவுக்கும் இடச்சேய் மட்டுமே உள்ள ஒற்றை நூல் போன்ற மரம் ஒன்றைக் கொள்க. கணுக்கள் நாற்பதுதான், ஆயினும் கடைசிக் கணுவின் எண் 54,975 கோடிக்கு மேல் சென்றுவிடும். எண்ணை 64 பிட் அளவில் பதியும் இடத்தில், 64ஆம் நிலையை அடைந்ததும் எண் அடங்காது. ஆகவே மரம் நிறைந்திருந்தால் எண் வழி சிறக்கும். இடைவெளி மிகுந்திருந்தால் வரிசை வழியே ஏற்றது. எவ்வழி சிறந்தது எனக் கேட்பாரிடம், "மரம் எத்தகையது?" என்று திருப்பிக் கேளுங்கள். நேர்முகத் தேர்வில் அக்கேள்வியே பாதி விடை.

தொகையைக் காணும் கணக்கு

இன்னொரு வினாவும் கேட்கப்படுவதுண்டு. ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் மதிப்பு இருக்கின்றது. ஒவ்வொரு கணுவுக்கும் அதன் கசின்களின் மதிப்புத் தொகையைக் காண்க என்பர். ஒவ்வொருவரின் கசின்களையும் தனித்தனியே தேடிக் கூட்டத் தொடங்கினால் பொழுது போய்விடும். வழி எளிது. அந்த நிலையின் மொத்தத் தொகையைக் கண்டு, அதிலிருந்து தன் மதிப்பையும் தன் உடன்பிறப்பின் மதிப்பையும் கழித்துவிட்டால் எஞ்சுவது கசின்களின் தொகை.

ஏ 10, ஐ 20, ஒ 5, ஓ 15 எனக் கொள்வோம். நிலையின் மொத்தம் 50. ஏ, ஐ இருவருக்கும் குடும்பத் தொகை 30, கழித்தால் 20. ஒவுக்கு உடன்பிறப்பு இல்லை. 50இல் 5 போக 45. ஓவுக்கு 50இல் 15 போக 35. ஒவ்வொருவராகத் தேடாமல், மொத்தத்தைக் கண்டு வேண்டாததைக் கழித்தல் என்னும் இம்முறை கணக்கில் பல இடங்களில் கைகொடுக்கும்.

தவறு நேரும் சில இடங்களையும் சுருங்கக் கூறிவிடுவோம். வேருக்குக் கசின் இல்லை. நிலை 1இலும் கசின் இல்லை. அங்குள்ள இருவரும் வேரின் சேய்கள் அன்றோ? நிலை 2 முதலே அவ்வுறவு தொடங்கும். நிறைந்த மரத்தின் நிலை 3இல் எட்டுக் கணுக்கள். தன்னையும் உடன்பிறப்பையும் நீக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஆறு கசின்கள். இரு கணுக்களில் ஒரே மதிப்பு இருத்தல் கூடும். பள்ளிப் பதிவேட்டில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் சேர்க்கை எண்ணால் பிரித்தறிகின்றோம். அதுபோலக் கணுவையும் மதிப்பால் அடையாளம் காணாது இடத்தால் அடையாளம் காணுங்கள். தேடும் கணு மரத்திலேயே இல்லாமலும் போகலாம். அதற்கும் விடை எழுதி வையுங்கள்.

இளைஞர்களுக்கு

இளந்தோழர்களே! இப்பாடத்தில் நீங்கள் செய்த கணக்கு யாது? எண்ணுதல், பாதியாக்குதல், கூட்டுதல், கழித்தல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத ஒன்றும் இதில் இல்லை. எட்டாதது என நாம் எண்ணியிருந்த வினா, வரையறை தெளிவானதும் நம் மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் அடங்கிவிட்டது. நம் பிள்ளைகள் பலர் தோற்பது கணக்கில் அன்று. கணக்கைச் சுற்றியுள்ள சொல்லில். அச்சொல்லை விளக்கிச் சொல்ல வீட்டில் ஒருவர் இல்லாதபோது, படிப்பகமே வீடாதல் வேண்டும்.

அம்மாணவர் இன்று வேறோர் இடத்தில் வேலையில் இருக்கின்றார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பகத்துக்கு வந்து, உங்களில் சிலருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தும் வருகின்றார். அவர் நடத்தும் முதல் பாடம் எது என்று விசாரித்தோம். "ஐயா, கேள்வியில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையைக் கேட்டு எழுதிக்கொள் என்பதே முதல் பாடம்" என்றார். நமக்கு மனம் நிறைந்தது.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து அமைகின்றோம். படித்து முன்னேறிய நம் பிள்ளைகள் பல ஊர்களில் இருக்கின்றனர். மைதானத்தில் நின்ற அச்சிறுவர்களைப் போல, ஒரே நிலையில் நின்றும் ஒருவரை ஒருவர் அறியாதிருக்கின்றனர். அவரவர் பயின்ற துறை, வேலை, ஊர் ஆகியவற்றைக் குறித்த பதிவேடு ஒன்றைக் கழகம் வைத்தல் வேண்டும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் பிள்ளை அங்கே கேட்கப்படும் வினாவை முன்னதாக அறிந்த அண்ணன் ஒருவரை, அக்காள் ஒருவரை, அப்பதிவேட்டில் கண்டு பேசட்டும். சித்தப்பா பிள்ளையையும் உடன்பிறந்தாராகவே கொள்ளும் நம் முறைக்கு அது முற்றிலும் பொருத்தமான பணி.

 வரைந்தவர்கள் வீட்டுக்குச் சென்றதும் நிலை 4ஐயும் சேர்த்து வரைந்து, ஒவ்வொரு கணுவின் கசின்களையும் எழுதி, அடுத்த ஞாயிறன்று படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள். நாம் திருத்தித் தருவோம்.